சானல் கரைக்குச் சைக்கிள், காட்டுக்குக் கால்

வாசகர் கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் கோதையாறு, பரளியாறு பள்ளத்தாக்கில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் வழி கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் எழுதுபவர், குலசேகரத்தில் வசிக்கும் பொதுப்பணித் துறையின் ஓய்வுபெற்ற பணி ஆய்வாளர். வேலைக்காலம் முழுக்கச் சானல் (பாசனக் கால்வாய்) கரைகளில் கழித்தவர். இப்போதும் காலை நேரத்தில் சைக்கிளோடு அங்கேதான் இருப்பார்.

புதிதாக மவுண்டன் பைக் வாங்கியிருக்கிறேன் சார். கோதையாறு காட்டுக்குள் ஓட்டுவது மாதிரி யூடியூபில் வீடியோக்கள் பார்க்கிறேன். நானும் நண்பர்களும் போகலாமா? எந்த வழி நல்லது?
- கல்லூரி மாணவர், தக்கலை

தம்பி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டத்துக் காட்டில் பெரும்பகுதி 2008-ல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் ஆகிவிட்டது. பரப்பு சுமார் 402 சதுர கிலோமீட்டர். 1972-ம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கால் வைப்பதே குற்றம். சைக்கிளில் போனால் சத்தமில்லை, புகையில்லை என்ற வாதமெல்லாம் அங்கே எடுபடாது. யாரோ ஓட்டி வீடியோ போட்டார் என்பது உங்களுக்கு அனுமதிச் சீட்டும் ஆகாது. பஸ் போகிற தார்ச்சாலையில், சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு, அவர்கள் சொல்கிற இடம் வரை போகலாம். அதைவிட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை விடக் கூடாது.

இதைக் கேட்டு மனம் சோர்ந்துவிட வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிளுக்கென்றே போட்ட மாதிரி ஒரு வழி இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, உள்ளூர்ப் பிள்ளைகளும் மறந்துவிட்டார்கள். சானல் கரையைத்தான் சொல்கிறேன்.

பேச்சிப்பாறை அணைத் தண்ணீரும் பெருஞ்சாணி அணைத் தண்ணீரும் புத்தன் அணைக்கு வந்துதான் பிரிகின்றன. அங்கிருந்து தோவாளை சானல், அனந்தனார் சானல், பத்மநாபபுரம் புத்தனாறு சானல் என்று கோதையாற்றுப் பாசனம் மாவட்டம் முழுக்கக் கிளைவிட்டுப் போகிறது. சானல் வெட்டுகிறவன் மலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போக மாட்டான். சரிவு எங்கே வளைகிறதோ அங்கே அவனும் வளைவான். தண்ணீர் தானாக நகர்கிற அளவுக்கு மட்டும், நெடுந்தூரத்துக்குச் சில அங்குலம் என்று இறக்கம் விடுவான். அதனால் கரையில் சைக்கிள் விடுகிறவனுக்கு மூச்சு வாங்கும் ஏற்றமும் இல்லை, பிரேக் தேயும் இறக்கமும் இல்லை. ஒரு பக்கம் தென்னையும் ஏலா என்கிற வயல்வெளியும், மறுபக்கம் ரப்பர் விளை (தோட்டம்). தலையை நிமிர்த்தினால் மலை. தோவாளை சானல் மலையடிவாரத்தை ஒட்டியே கிழக்கே போவதால் வழி நெடுக மலை உங்கள் பக்கத்திலேயே வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஓட்டம் இது. குலசேகரத்தில் விடிகிற நேரத்தில் கிளம்பி, திருவட்டாறு வந்து ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போங்கள். பரளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களின் மேல் பட்டணங்கால் சானல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிற பாலம் அது. காமராஜர் காலத்தில் தொடங்கிய திட்டம், 1966-ல் கட்டி முடித்தது. பாலத்தின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். நடைபாதை குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு நடந்து போங்கள், தொட்டிக்குள் ஓடுகிற தண்ணீரையும் எட்டிப் பாருங்கள். படிக்கட்டில் இறங்கிக் கீழே ஆற்றங்கரைக்குப் போய்த் தூணின் அடியில் நின்று நிமிர்ந்தால்தான் செய்த வேலையின் பெருமை தெரியும்.

கரையில் போகும்போது ஒரு மரியாதை உண்டு. சானலில் வரிசையாகப் படித்துறைகள் இருக்கும். காலையில் பெண்கள் குளித்துக்கொண்டும் துணி அலசிக்கொண்டும் இருப்பார்கள். தூரத்திலேயே மணி அடியுங்கள். ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் இறங்கி, அடுத்த பாலம் வழியாக அக்கரைக்கு மாறிப் போங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருந்தால் அந்த இடத்தில் அணைத்துவிடுங்கள். அந்தக் கரை அவர்கள் வீட்டு முற்றத்துக்குச் சமம். நாம் விருந்தாளிகள்.

மதகு இருக்கிற இடத்தில் கரை திடீரென்று குறுகும். 2021 நவம்பர் வெள்ளத்தில் நம் சானல்கள் பல இடங்களில் உடைந்தன. அடைத்த இடத்தில் மண் இன்னும் மற்ற இடம்போல இறுகியிருக்காது. புதுமண் நிறம் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

நாங்கள் ஆறு தோழிகள், எல்லாருக்கும் நாற்பதுக்கு மேல். காட்டுக்குள் முறையாக ஒரு நாள் நடந்து பார்க்க ஆசை. யாரிடம் கேட்பது? பெண்கள் மட்டும் போவது சரியாக இருக்குமா?
- வங்கி ஊழியர், மார்த்தாண்டம்

தாராளமாகப் போகலாம் அம்மா. இப்போது அதற்கு ஒழுங்கான வழி பிறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 வழிகள். நம் மாவட்டத்தில் காளிகேசம், இஞ்சிக்கடவு என்று இரண்டு. இணையதளத்தில் பெயர் பதிந்து, பணம் கட்டி, அடையாள அட்டையோடு போக வேண்டும். கூடவே வழிகாட்டிகள் வருவார்கள். காட்டை ஒட்டிய ஊர்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் இருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தவர்கள்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். காய்ந்த புல்மேட்டில் தீ சூழ்ந்து 23 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு மாநிலத்தில் விதிமுறை வந்தது. கோடையில் தீப்பிடிக்கும் காலத்தில் வழிகளை மூடி வைப்பதும் அதனால்தான். மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது, வனத்துறையில் தெரிந்த ஆளைப் பிடித்து உள்ளே போக முயல வேண்டாம்.

கீரிப்பாறை தாண்டியதும் காற்றே மாறும். ரப்பர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் வெளிச்சம் சட்டென்று குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். மலை அணில் கிளை விட்டுக் கிளை தாவுவதைப் பார்க்கக் கழுத்தை மேலே வைத்துக்கொண்டே நடக்க வேண்டியிருக்கும். கருமந்தி இருக்கும் இடத்தைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடிக்கும், அப்படி ஒரு குரல்.

உங்கள் வயதுக்காரர்கள் எல்லாரும் கேட்பது அட்டையைப் பற்றித்தான். மழை பெய்த மறுநாள் சருகின் மேல் நூல் துண்டு மாதிரி நிமிர்ந்து நின்று, வருகிற காலைத் தேடித் தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். ஏறியது தெரியாது, கடித்ததும் தெரியாது. காலுறை நனைந்து சிவந்த பிறகுதான் தெரியும். பிடித்து இழுக்காதீர்கள், கடிவாய் புண்ணாகும். உப்பு வைத்தாலோ புகையிலைச் சாறு தொட்டாலோ தானாகச் சுருண்டு விழும். கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காமல் கசியும், பயப்பட ஒன்றுமில்லை, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். பேன்ட்டின் அடியைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு போனால் பாதித் தொல்லை குறையும். செருப்பு வேண்டாம். சேலை வேண்டாம், சுடிதார் துப்பட்டாவும் முள்ளில் மாட்டும். சென்ட், பவுடர் பூசிக்கொள்ள வேண்டாம். அடர்ந்த நிறத்தில் தளர்வான பருத்தி உடுப்புப் போதும்.

பெண்கள் மட்டும் போவது பற்றிக் கேட்டீர்கள். குழுவாக, பதிவு செய்து, வழிகாட்டியோடு போகும்போது ஆண்களுக்கு உள்ள அதே ஆபத்துதான் உங்களுக்கும். மாதவிலக்கு நாள் என்றால் நாப்கினைக் காட்டில் போடாமல் கட்டி எடுத்து வர ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டிசம்பர் லீவுக்குச் சென்னையிலிருந்து வருகிறோம். அது நல்ல மாதமா? இல்லையென்றால் எப்போது வரலாம்?
- மென்பொருள் பொறியாளர், சென்னை (சொந்த ஊர் கருங்கல்)

கருங்கல்காரருக்கு இது தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். தமிழ்நாட்டின் பெரும்பாலான இடங்களுக்கு ஒரு மழை என்றால் நமக்கு இரண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கிச் செப்டம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மூச்சு வாங்குவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். டிசம்பர் முதல் பாதியை நம்பவே முடியாது. 2017-ல் ஒக்கிப் புயல் வந்தது நவம்பர் 30. ஒரே நாளில் எத்தனை ரப்பர் விளை சாய்ந்தது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். 2023-ல் டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களையே மழை புரட்டிப் போட்டது.

கிளம்புவதற்கு முன்னால் நாட்காட்டியைவிட அணை நிலவரத்தைப் பாருங்கள். நம்மூர்ப் பத்திரிகைகளில் தினமும் வரும். பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி. இது நிறைமட்டம். இன்றைய மட்டம் இதற்கு நெருங்கி நின்று, மலையிலும் மழை என்றால், எந்த நேரத்திலும் உபரி நீர் திறப்பார்கள். பேச்சிப்பாறையிலும் சிற்றாறிலும் திறந்த தண்ணீர் கோதையாறு வழியாகத் திற்பரப்புக்கு வரும். அருவியில் குளிக்கத் தடை போடுவார்கள். அதற்குக் கீழே ஆற்றோரமாக நடக்கிற எல்லா வழியும் அன்றைக்கு உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் இருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆற்றில் தண்ணீர் ஏறுவது கரையில் நிற்பவருக்கு உடனே புரியாது. திற்பரப்பில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேல் கோதையாற்றில் கொட்டிக்கொண்டிருக்கும். முதலில் தண்ணீரின் நிறம் மாறும். தெளிந்து கிடந்தது கட்டன் சாயா நிறத்துக்கு வரும். பிறகு சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஆற்று நடுப் பாறையில் உட்கார்ந்திருப்பவர் அந்தச் சருகைப் பார்த்ததும் எழுந்து கரைக்கு வந்துவிட வேண்டும். செருப்பை எடுக்கிறேன், போனை எடுக்கிறேன் என்று நிற்கக் கூடாது.

நல்ல காலம் என்று கேட்டால், நடக்கிறவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும். மழை ஓய்ந்து, மண் இறுகி, ஓடைகளில் தண்ணீரும் இருக்கும். சானலிலும் தண்ணீர் ஓடும். ஜூன் முதல் தேதி கன்னிப்பூ நெல் சாகுபடிக்குத் திறந்தால் கும்பப்பூ சாகுபடியும் முடிந்து பிப்ரவரி கடைசியில்தான் அடைப்பது வழக்கம். மார்ச்சில் வந்தால் வறண்ட சானலையும் அதில் கிடக்கும் பாட்டிலையும்தான் பார்ப்பீர்கள்.

சைக்கிள்காரர்களுக்கு அதே மாதங்களில் ஒரு எச்சரிக்கை. ரப்பர் இலை உதிர்க்கிற காலம் அது. விளை வழியாகப் போகும் பாதை முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குச் சருகு கிடக்கும். பார்க்க அழகு. அடியில் கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா, சுருண்டு கிடக்கும் விரியன் இருக்கிறதா என்று டயருக்குத் தெரியாது. திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினால் சருகோடு சைக்கிளும் நழுவும். வேகத்தைத் திருப்பத்துக்கு முன்பே குறைத்துவிடுங்கள். காலைக் கீழே ஊன்றாமல் பெடலிலேயே வைத்துக் கடந்துவிடுங்கள்.

பத்து வயது மகனோடு போக ஒரு இடம் சொல்லுங்கள்.
- நாகர்கோவில் வாசகர்

உதயகிரிக் கோட்டை. வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா உள்ளே இருக்கிறது, மரநிழலில் நடக்கலாம், டச்சுக்காரத் தளபதி டிலனாயின் கல்லறையைக் காட்டிக் கதையும் சொல்லலாம். பையனுக்குப் பறவை பிடிக்குமென்றால் தேரூர், சுசீந்திரம் குளக்கரை. 2022-ல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை அது.

ஒவ்வொரு மாசியிலும் சிவாலய ஓட்டம் ஓடியவன் நான். வயது அறுபத்திரண்டு. மூட்டு வலி வந்த பிறகு நிறுத்திவிட்டேன். மனசு கேட்கவில்லை. பாதியாவது நடக்க முடியுமா அண்ணாச்சி?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், குழித்துறை

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். நடைவழி, சைக்கிள் வழி என்று நாம் இன்றைக்குப் புதிதாகப் பேசுகிறோம். நம் பள்ளத்தாக்கின் நடைவழியை முன்னோர் எப்போதோ போட்டு வைத்துவிட்டார்கள். சிவாலய ஓட்டம் முன்சிறை திருமலையில் தொடங்கி திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய்த் திருநட்டாலத்தில் முடிகிறது. பன்னிரண்டு கோயில். கையில் விசிறி, வாயில் ‘கோவிந்தா, கோபாலா’. சிவன் கோயிலுக்கு ஓடுகிறவன் பெருமாள் பெயரைச் சொல்லி ஓடுகிற இப்படி ஒரு வழக்கத்தை வேறெங்கும் நான் கண்டதில்லை. ஆறு, சானல், ஏலா, விளை எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போகிற பாதை அது.

சிவராத்திரிக்கு முந்தைய நாளில்தான் போக வேண்டும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்பது விரதக்காரருக்கு. உங்களுக்கு நான் சொல்வது, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை. இந்த மூன்றை மட்டும் ஒரு சாதாரண நாளில் நடங்கள். திற்பரப்பு மகாதேவர் கோயிலில் விடியற்காலையில் தொழுதுவிட்டு, தார் சூடாகும் முன் திருநந்திக்கரைக்கு வந்துவிடலாம். அங்கே குடைவரைக் கோயில் இருக்கிறது. ஓட்டத்தில் நீங்கள் எத்தனையோ தடவை அந்த ஊரைக் கடந்திருப்பீர்கள், பாறைக்குள் போய் நிதானமாக உட்கார நேரம் கிடைத்திருக்காது. இந்த முறை உட்காருங்கள். சுவரில் மங்கிப்போன ஓவியத்தின் கோடுகள் கண் பழகிய பிறகுதான் தெரியும்.

அந்த நேரத்தில் விளைகளில் பால்வெட்டு நடந்துகொண்டிருக்கும். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் போவார்கள். பட்டையில் சாய்வாக ஒரு சீவல், சிரட்டையை நிமிர்த்தி வைப்பார்கள், அடுத்த மரம். வெட்டிய கோட்டில் வெள்ளையாகப் பால் திரண்டு, தயங்கி, பிறகு இறங்குவதை நின்று பாருங்கள். மூட்டுக்கும் ஓய்வு.

கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில்தான் மூட்டு வலிக்கும், ஏற்றத்தில் அல்ல. பொன்மனையிலிருந்து பஸ் ஏறிவிடுங்கள். மற்ற கோயில்களை அடுத்த மாதத்துக்கு வையுங்கள்.

அரிக்கொம்பனைக் கோதையாற்றுப் பக்கம் விட்டார்களே, சைக்கிளில் போகும்போது யானை வந்தால் என்ன செய்வது?
- குலசேகரம் வாசகி

கழுத்தில் ஏற்கெனவே ரேடியோ காலர் இருந்த அரிக்கொம்பன் யானையை 2023 ஜூனில் கம்பம் பக்கம் பிடித்து, மேல் கோதையாற்றுக் காட்டில் விட்டார்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காடு. அந்த ஒரு யானைக்காகப் பயப்பட வேண்டியதில்லை மோளே. யானை இந்த மலையில் எப்போதும் உண்டு. 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகம் என்றே அறிவித்தார்கள். நம் பேச்சிப்பாறை, கீரிப்பாறை, பாலமோர் எல்லாம் அவை நடமாடுகிற இடம்தான்.

சைக்கிளில் ஒரு சிக்கல், சத்தமே வராது. திருப்பத்தில் யானை நமக்காகக் காத்திருப்பதில்லை, நாம்தான் அதன் முகத்தில் போய் நிற்போம். திடுக்கிட்ட யானைதான் துரத்தும். அதனால் மலைச்சாலைத் திருப்பங்களில் மணி அடித்துக்கொண்டே போங்கள். காலை ஆறுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும் அந்தச் சாலையில் இருக்க வேண்டாம். ரோட்டில் பிண்டம், அதாவது யானைச் சாணம், கிடந்தால் பாருங்கள். காய்ந்திருந்தால் போகலாம். ஈரமாக, ஆவி வருகிற மாதிரி இருந்தால், மூங்கில் முறிகிற சத்தம் கேட்டால், அப்படியே திரும்பிவிடுங்கள். நேரில் கண்டால் கத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், டார்ச் அடிக்காதீர்கள். குறைந்தது நூறு மீட்டராவது தள்ளி நின்று, வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். எதிரே பஸ்ஸோ ஜீப்போ வந்தால் கைகாட்டி நிறுத்தி அதோடு ஒட்டிக்கொள்ளலாம். குட்டி தனியாக நிற்கிறது என்றால் தாய் மறுபக்கத்தில் நிற்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் போய்விடாதீர்கள்.

யானையைவிட அதிகம் குறுக்கே வருவது மிளா என்ற கடமானும் காட்டுப்பன்றியும்தான். இறக்கத்தில் வேகமாக வருகிறவர்களைக் கீழே தள்ளுவது பன்றி.

பேச்சிப்பாறை அக்கரையில் காணிப் பழங்குடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊர்க்காரர்கள் வருகிறார்கள். பாட்டுப் போடுகிறார்கள், பாட்டிலை உடைக்கிறார்கள், எங்கள் பெண்பிள்ளைகளைக் கேட்காமல் படம் பிடிக்கிறார்கள். நடக்க வழி சொல்லும்போது இதையும் எழுதுங்கள்.
- பேச்சிப்பாறை வாசகர்

எழுதுகிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கியமானது இதுதான்.

பேச்சிப்பாறை அணையை 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். மூலம் திருநாள் மகாராஜா காலம், மின்சின் என்ற வெள்ளைக்கார இன்ஜினீயரின் வேலை. நாஞ்சில் நாடு இரண்டு பூ (போகம்) விளைந்தது அதனால்தான், நாமெல்லாம் சோறு சாப்பிட்டதும் அதனால்தான். அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிற மலையில் அதற்கு முன்பே இருந்தவர்கள் காணி மக்கள். இன்றைக்கும் அக்கரைக் குடியிருப்புகளில் இருந்து பிள்ளைகள் படகில் வந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தவரைக் கொண்டுவருவதும் படகில்தான்.

இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசுகிற ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை வெளியாருக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் இதே அகத்தியமலையின் கேரளப் பக்கத்துக் காணிகள். நடக்கும்போது களைக்காமல் இருக்க அவர்கள் மென்ற காய் அது. காட்டில் நடப்பது என்றால் என்ன என்று அவர்களிடம்தான் நாம் படிக்க வேண்டும்.

நடக்கப் போகிறவர்களுக்கு நான் வைக்கிற வேண்டுகோள் கடுமையாகவே இருக்கட்டும். குடியிருப்பு வழியாகப் போனால் முதலில் கண்ணில் படுகிற பெரியவரிடம் போய், இன்ன ஊரிலிருந்து வருகிறோம், இன்ன இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லுங்கள். ‘வா, போ’ என்று பேசாதீர்கள். வயதானவரை ஒருமையில் கூப்பிடுகிற பழக்கத்தை அணைக்கு இக்கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முகம் தெரிகிற படம் வேண்டாம். அனுமதி கேட்டு, தந்தால் எடுங்கள், மறுத்தால் கேமராவை உள்ளே வையுங்கள். தேனோ நல்லமிளகோ விற்றால் சொன்ன விலைக்கு வாங்குங்கள். கண்ணாடிப் பாட்டிலைக் கொண்டுபோகவே கூடாது. உடைந்த சில்லு அங்கே வெறுங்காலில் நடக்கிற பிள்ளையின் பாதத்தில் ஏறும், மிளாவின் குளம்பிலும் ஏறும். ஆற்றில் சோப்புப் போட வேண்டாம், அந்த ஆறுதான் அவர்களுக்குக் குடிதண்ணீர்.

காட்டில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடுகிறவர்களைச் சோதனைச் சாவடியிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதை வனத்துறைக்கு எழுதியும் இருக்கிறேன். நீங்களும் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். 2006-ம் வருடத்து வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தை உங்கள் கிராம சபைக்கும் தருகிறது.

டயரில் எவ்வளவு காற்று? டிஸ்க் பிரேக் அவசியமா? வழியில் என்ன சாப்பிடலாம்?
- சைக்கிள் குழு, அருமனை

ட்யூப் உள்ள அகல டயர் என்றால், நடுத்தர உடம்புக்காரருக்குச் சானல் கரையில் 30 முதல் 35 பிஎஸ்ஐ போதும். தார்ச்சாலைக்கு வந்ததும் பம்ப் எடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள். கல்லாய் இறுக்கிக்கொண்டு செம்மண்ணில் போனால் கை மரத்துப் போகும், பிடிப்பும் இருக்காது. மலையிறக்கத்தில் மழையும் சேர்ந்தால் டிஸ்க் பிரேக் இல்லாமல் போக வேண்டாம். ரிம்மைப் பிடிக்கிற கட்டை நனைந்தால் பிடிக்கச் சற்று நேரம் எடுக்கும், அந்தச் சற்று நேரத்தில் திருப்பம் வந்துவிடும். சேறு காய்வதற்குள் செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கடற்கரை ஓட்டம் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்புக்காற்று செயினைத் தின்றுவிடும்.

சாப்பாட்டுக்கு மட்டி வாழைப்பழம். சட்டைப் பையில் நாலைந்து போட்டுக்கொண்டு போகலாம், இனிப்பு, சீக்கிரம் செரிக்கும். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஓட்டம் முடிந்து வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுங்கள், நடுவில் சாப்பிட்டால் சைக்கிள் நகராது.

காலில் கீறல் இருந்தால் சேற்றுத் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் நம் பக்கம் உண்டு. சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் சானலில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கூகுள் மேப்பில் ரப்பர் எஸ்டேட்டுக்குள் நிறைய வழி காட்டுகிறது. எல்லாம் பொதுவழியா?
- திங்கள்சந்தை வாசகர்

இல்லை. கீரிப்பாறைப் பக்கம் பலதும் அரசு ரப்பர் கழகத்தின் நிலம். மாறாமலை, கரும்பாறைப் பக்கம் கிராம்புத் தோட்டங்கள் தனியாருடையவை. கேட்டில் காவலாளி இருந்தால் கேளுங்கள், யாரும் இல்லையென்றால் உள்ளே போகாதீர்கள். மேப்பில் கோடு தெரிவது பால் எடுக்க வண்டி போய்வந்த தடமாக இருக்கும், முக்கால்வாசி வழி ஒரு ஓடைக்கரையில் போய் முடிந்துவிடும். மலைக்குள் சிக்னலும் கிடைக்காது. முந்தின இரவே மேப்பை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சந்தேகம் வந்தால் பக்கத்துச் சாயாக்கடையில் கேளுங்கள். காலையில் எந்தப் பக்கம் பிண்டம் கிடந்தது என்பது உட்பட அங்கே சொல்வார்கள்.